பரணில் கிடைத்த விசித்திரமான பழைய கதவுச் சாவி எதற்கானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அது கதவுச் சாவிதான் என்று உங்களிடம் யார் சொன்னது? எங்கள் குடும்பத்தை ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு சாவி ஏமாற்றியது, அதனால்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் பெரியவர் யாராவது சொல்லியிருப்பார். அந்தக் கதவைப் பார்த்தவர் ஒருத்தரும் இருக்க மாட்டார்.

நான் பூட்டு நிபுணன் இல்லை. பாம்பனில் கயிறும் வலையும் விற்கிறேன். தொழில் தெரிந்தவர்கள் தாராளமாகத் திருத்தலாம். 'சாவி என்று எழுதாதே, திறவுகோல் என்று எழுது' என்று மட்டும் யாரும் வர வேண்டாம். சாவி போர்ச்சுக்கீசியச் சொல் என்று எனக்கும் தெரியும். ஜன்னலும் அலமாரியும் அப்படித்தான்.

என் தாத்தா தனுஷ்கோடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார். ரயிலில் வந்து இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் ஏறப் போகிறவர்களை நம்பி நடந்த கடை. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தபோது அப்பத்தா தலைப்பிரசவத்துக்காக உச்சிப்புளியில் தாய்வீட்டில் இருந்தார். என் அப்பா பிறந்து பதினோராம் நாள். பிள்ளையைப் பார்க்க வந்த தாத்தாவும் அங்கே தங்கியதால் பிழைத்தார். அவர் இடுப்புக் கயிற்றில் இருந்த சாவி ஒன்றுதான் மிச்சம். உள்ளங்கை நீள இரும்பு, நுனியில் ரெண்டே பல், தலையில் பூ மாதிரி வளையம். சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் அதைத் 'தனுஷ்கோடி வீட்டுச் சாவி' என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம்.

அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறந்தார்களா, அதற்கப்புறம் வந்த ஒரு வீடியோக்காரரிடம் சித்தப்பா இந்தச் சாவியைக் காட்டிக் கண்கலங்கிப் பேசினார். அது நன்றாக ஓடியது. (அந்த வீடியோக்காரர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தில் நடுவழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறீர்களே, பின்னால் வரும் பஸ்ஸில் பிரசவத்துக்குப் போகிறவள் இருக்க மாட்டாளா? ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள்.)

சரி, சாவிக்கு வருகிறேன். உப்புக்காற்றில் துரு பொரிந்து உதிர ஆரம்பித்ததால், ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் பூட்டு ரிப்பேர் பார்க்கும் ஒரு வயசாளியிடம் கொண்டுபோனேன். நான் ஏற்கெனவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தேன். அதற்கு முதலில் திட்டு வாங்கினேன். பல் எங்கே உரசி உரசி வழுவழுப்பாகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அது எப்படித் திரும்பியது என்று சொல்ல முடியுமாம். நீங்களும் தேய்க்காதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போதும்.

அப்புறம் அவர் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிச் சாவியின் நுனியில் செருகினார். அது பாட்டுக்கு உள்ளே போனது.

"தம்பி, இது வாசக்கதவுச் சாவி இல்ல. வாசக்கதவுன்னா உள்ள நின்னும் பூட்டணும், வெளிய நின்னும் பூட்டணும். அதுக்குத் தண்டு கெட்டியா இருக்கும். இது துளைத்தண்டு. பூட்டுக்குள்ள ஒரு ஆணி நிக்கும், அதுல போய் உக்காரும். ஒரு பக்கம்தான் திறக்கும். பெட்டிச் சாவியப்பா இது."

தண்டில் தடித்த ஒரு வளையம் இருந்தது. அதிலிருந்து பல் வரைக்கும் விரலால் அளந்து, "பலகையும் மெல்லிசுதான்" என்றார். துளை இருந்தாலே பெட்டிதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பழைய தொங்கு பூட்டுகளுக்கும் துளைச் சாவி உண்டு, வெளிப்பக்கம் மட்டும் பூட்டுகிற அறைக்கும் இருக்கலாம். ஆனால் உங்கள் சாவிக்கும் முதல் சோதனை ஈர்க்குச்சிதான்.

அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று ரெண்டு நாள் தயங்கினேன். சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "வீட்டுக்கு எங்கடா பூட்டு? ஓலை வீடு, படல் கதவு. நாய் வராமச் சாத்துறதுதான். இது கடைக் கல்லாப்பெட்டிச் சாவி."

பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்டேன். கொஞ்சம் சில்லறை, கடன் நோட்டு. தாத்தாவுக்கு நோட்டு போனதுகூடப் பெரிசில்லையாம். யார் யார் எவ்வளவு தரணும் என்று மனப்பாடமாகவே சொல்வாராம். கேட்கப் போகத்தான் பாதிப் பேர் இல்லை.

இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க யாரும் கேக்கலையே" என்றார். உங்கள் வீட்டில் யாரையாவது கேட்க முடிந்தால், கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் அவர்களைக் கேளுங்கள். அப்பத்தா போய் நாலு வருஷம் ஆகிறது.

காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடைக்காரர் இதற்கு முந்நூறு ரூபாய் தருகிறேன் என்றார், பூட்டோடு என்றால் எட்டு மடங்காம். பூட்டு கடலுக்குள் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வந்துவிட்டேன். சாவி இப்போது சித்தப்பாவிடம். அவருக்கு எல்லாம் விளக்கிச் சொல்லியாகிவிட்டது. போன மாதமும் யாரோ கேமராவோடு வந்தார்கள். வீட்டுச் சாவி என்றுதான் சொன்னாராம்.