புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்

ஆரம்பப் பள்ளியை முடித்து ஆறாம் வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகள் வீட்டில் எப்படிப் படிப்பது? இதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்த வகுப்புக்கு 31 ஆண்டுகள் அறிவியலும் கணக்கும் எடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகள் தினமும் சாயங்காலம் மூன்று மணி நேரம் புத்தகமும் கையுமாகவே இருக்கிறாள். கேட்டால், "எல்லாம் படிச்சிட்டேம்மா" என்கிறாள். முதல் தேர்வில் பாதிக் கேள்விகளுக்குப் பதிலே எழுதவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை நன்றாகத்தான் படித்தாள். திடீரென்று மந்தமாகிவிட்டாளா?

பதில்: 'மந்தம்' என்ற சொல்லை முதலில் வீட்டைவிட்டு வெளியே அனுப்புங்கள், அம்மா. உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே மூன்று மணி நேரம் படித்தாள், தெரிந்துவிட்டது என்று நம்பவும் செய்தாள். சிக்கல் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

ஒரே பக்கத்தை நான்காம் தடவை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போகும். அடுத்த வரிக்குக் கண் முந்திக்கொண்டு ஓடும். அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகள் 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். தெருவில் தினமும் எதிரே வருகிற ஒருவரைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். அவர் பெயர் என்ன என்று யாராவது கேட்டால் முழிப்போம். தேர்வில் கேட்பது பெயரைத்தான்.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு சிறு கட்டுரையை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது: 83 சதவீதம். மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள், அந்த 40 சதவீதக் குழுவினர்தான்.

என் வகுப்பிலும் அப்படி ஒரு பெண் இருந்தாள். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை அழகான கையெழுத்தில் மூன்று தடவை எழுதிக் கொண்டுவந்தாள். நோட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்லச் சொன்னேன். ஒரு வரிகூட வரவில்லை, அழுதுவிட்டாள். அன்று மதிய இடைவேளையில் இருவரும் உட்கார்ந்து ஒரு வெற்றுத் தாளில் இலை வரைந்தோம். "இலை எதை எதை வாங்குது? எதை வெளியே விடுது?" என்று கேட்டேன். தண்ணீர், வெயில், கரியமில வாயு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஆக்சிஜனும் வந்தது. பச்சையம் மட்டும் வரவே இல்லை. புத்தகத்தைத் திறந்து அதைத் தேடி எடுத்து, சிவப்புப் பேனாவில் இலைக்குள் எழுதினாள். ஆண்டுக் கடைசியில் கேட்டபோது அவள் முதலில் சொன்ன சொல்லே பச்சையம்தான். அதுவரை நானும் "பத்துத் தடவை படி" என்று சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியைதான். அன்றோடு அதை விட்டேன்.

உங்கள் மகளும் அதையே செய்யட்டும். ஒரு பகுதியைப் புரிந்துகொண்டு ஒரே தடவை படிக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுத வேண்டும். வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை. படம், அம்புக்குறி, ஒற்றைச் சொல் எதுவானாலும் சரி. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேர்க்க வேண்டும். மறுநாள் படிக்க வேண்டியது அந்த வேறு நிறம் மட்டும்தான். முதல் வாரம் தாள் பாதி காலியாகத்தான் இருக்கும். எரிச்சலும் வரும், "பழைய மாதிரியே படிக்கிறேன், அதுதான் சுலபம்" என்பாள். அப்போது அவளுக்குத் துணையாக இருங்கள். வரமாட்டேன் என்கிற பதிலைத் தேடி இழுக்கும் அந்தச் சிரமத்தால்தான் அது பிறகும் மனதில் நிற்கிறது. மூன்று மணி நேரம் ஒன்றரை மணியாகக் குறைந்தாலும் கவலைப்படாதீர்கள்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. மாணவன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லும் நன்னூல், 'பாடம் போற்றல்' என்று சொல்லிவிட்டு, 'கேட்டவை நினைத்தல்' என்பதைத் தனியாக வைக்கிறது.

கேள்வி: டீச்சர், போன வருடம் வரை எங்களுக்கு எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர். இப்போது ஏழு பேர் வருகிறார்கள், ஏழு பேரும் வீட்டுப்பாடம் தருகிறார்கள். அட்டவணை போட்டேன், மூன்றாம் நாளே நின்றுபோனது. மறுபடியும் போட்டேன், அதுவும் நின்றுவிட்டது.

பதில்: இரண்டாம் தடவையும் போட்டாய் பார், அது எனக்குப் பிடித்திருக்கிறது, தம்பி. உன் அட்டவணையை நான் பார்க்கவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. '6 மணி முதல் 7 மணி வரை அறிவியல், 7 முதல் 8 கணக்கு' என்று போட்டிருப்பாய். அறிவியலில் என்ன செய்வது என்று அதில் இருக்காது. ஆறு மணிக்குப் புத்தகத்தைத் திறந்து, எங்கே தொடங்குவது என்று பக்கம் புரட்டுவதிலேயே பாதி நேரம் போய்விடும். பாடத்தின் பெயருக்குப் பதிலாகச் செய்ய வேண்டிய வேலையை எழுது: 'காந்தம், கேள்வி 1 முதல் 4, பார்க்காமல்'. இப்படி எழுதினால் முடித்தாயா இல்லையா என்று உனக்கே தெரியும்.

ஏழு ஆசிரியர்களுக்கு ஏழு நோட்டுத் தேடாதே. வீட்டுப்பாடம் எழுத ஒரே ஒரு சின்ன நோட்டு போதும். ஒரு பக்கம் கொடுத்த நாள், மறுபக்கம் கேட்கிற நாள். வகுப்பு மணி அடிப்பதற்குள் எழுதிவிடு. 'வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம்' என்று விட்டால் மறந்துபோகும். வெள்ளிக்கிழமை கேட்கிற வேலையைச் செவ்வாயன்றே தொடங்கிவிடு, பத்து நிமிட வேலையாக இருந்தாலும்.

இன்னொன்று, அன்றன்று நடந்த பாடங்களை அன்று சாயங்காலமே ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிடு. பாடத்துக்கு ஐந்து நிமிடம் போதும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர், அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே மறதி வேகமாக நடக்கிறது, போகப்போக வேகம் குறைகிறது என்று கண்டார். அதனால் அன்றைக்கு ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை என்று இடைவெளி விட்டு வா. மூன்று தடவையும் முதலில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான்.

வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அட்டவணையில் எதுவும் போடாமல் விடு. காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார், மின்சாரம் போகும். விட்டுப்போனது அந்த நாளுக்குப் போகட்டும். உன் அட்டவணை மூன்றாம் நாள் நின்றதற்கு அதில் மூச்சு விட இடம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கும்.

கேள்வி: பாடப்புத்தகத்தில் முக்கியமான வரிகளை வண்ணப் பேனாவால் கோடிட்டுப் படிப்பது நல்லதா?

பதில்: கோடு போடுவதில் தவறில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் தவறு. டன்லோஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் அலசி 2013இல் வெளியிட்டார்கள். கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயன் தருபவற்றில் சேர்ந்தன. தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் முதலிடத்துக்கு வந்தன. கோடு போட்ட வரி ஒவ்வொன்றுக்கும் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள். அடுத்த தடவை வரியைக் கையால் மறைத்துவிட்டுக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால், அந்தக் கோட்டுக்கும் பயன் கிடைத்துவிடும்.

கேள்வி: என் மகன் வீட்டில் எல்லாக் கணக்கும் சரியாகப் போடுகிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தேர்வில் அதே கணக்குகள் தப்பாகின்றன. பதற்றம்தான் காரணம் என்கிறார்கள்.

பதில்: பதற்றமும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைப் பாருங்கள். வீட்டில் அவன் 'சுற்றளவு' என்று தலைப்புப் போட்ட பயிற்சியில் பத்துக் கணக்குகளை வரிசையாகப் போடுகிறான். எந்த முறையில் போட வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. மூன்றாம் கணக்குக்குமேல் அவன் யோசிக்கவே வேண்டாம், எண்களை மாற்றினால் போதும். தேர்வில் தலைப்பு இருக்காது. 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலமுள்ள ஓர் இடம். சுற்றிக் கயிறு கட்ட எவ்வளவு வேண்டும், முழுக்க விரிப்பு விரிக்க எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், முதலாவது 16 மீட்டர், இரண்டாவது 15 சதுர மீட்டர். எது சுற்றளவு, எது பரப்பளவு என்று முடிவு செய்யும் பயிற்சி அவனுக்குக் கிடைக்கவே இல்லை. பெருக்கலில் கெட்டிக்காரனாக இருந்தும் அந்த இடத்தில்தான் வழுக்குகிறான்.

ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஒரு சோதனையில், நான்கு விதமான கன உருவங்களின் கனஅளவைக் கண்டுபிடிக்கும் கணக்குகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு வகை வகையாகப் போட்டது, இன்னொன்று கலந்து போட்டது. பயிற்சியின்போது வகை வகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20க்கு இறங்கியது. கலந்து போட்ட குழு 63 எடுத்தது.

நான் வகுப்பில் செய்தது இதுதான். பழைய பாடங்களிலிருந்து கணக்குக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். பின்னம், சுற்றளவு, பரப்பளவு, சராசரி எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். தினமும் ஐந்து சீட்டு எடுக்க வேண்டும். போடத் தொடங்கும் முன், "இது என்ன வகை, எப்படித் தெரிந்தது?" என்று வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்காரும்போது விடையை விட்டுவிட்டு இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். புதிதாக ஒரு முறையைக் கற்கும் முதல் நாள் மட்டும் வரிசையாகவே போடட்டும். கலப்பது அடுத்த நாளிலிருந்து. தப்பு அதிகம் வரும். வீட்டில் வருகிற தப்புக்குக் கோபப்படாதீர்கள், தேர்வுக்கு முன்பே அது நம் கையில் அகப்படுகிறதே.

கேள்வி: புது மொழிச் சொற்கள், அறிவியல் வரையறைகள், வரலாற்று ஆண்டுகள் இவை மட்டும் மனதில் நிற்பதே இல்லை. என்ன செய்யலாம் மேடம்?

பதில்: சின்ன அட்டைகள் வெட்டிக்கொள், கண்ணா. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். மூன்று பெட்டி வை, பழைய செருப்புப் பெட்டியே போதும். எல்லா அட்டையும் முதல் பெட்டியில் தொடங்கும், அதைத் தினமும் பார். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாம் பெட்டிக்குப் போகும். அது மூன்று நாளுக்கு ஒரு தடவை. அங்கேயும் சரி என்றால் மூன்றாம் பெட்டி, வாரம் ஒரு தடவை. எங்கே தப்பினாலும் அந்த அட்டை முதல் பெட்டிக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972இல் பரப்பிய வழி இது. வராதவற்றுக்கு அதிக நேரமும் வந்தவற்றுக்குக் குறைந்த நேரமும் தானாகவே போய்விடும். அட்டையை நீயே எழுது, கடையில் வாங்காதே. கேள்வியை எழுதும்போதே பாதிப் பாடம் வந்துவிடும். பதிலை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும், அதில் மட்டும் கறாராக இரு.

கேள்வி: தேர்வுக்கு முந்தின நாள் இரவு எத்தனை மணி வரை விழித்திருந்து படிக்கலாம்?

பதில்: வழக்கமாகத் தூங்குகிற நேரம் வரை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கமும், 13 முதல் 18 வயதில் 8 முதல் 10 மணி நேரமும் தேவை என்று தூக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அன்று படித்ததை மூளை பதித்து வைக்கும் வேலையில் ஒரு முக்கியமான பகுதி தூக்கத்தில் நடக்கிறது. முந்தின நாள் புதுப் பாடம் தொடவே வேண்டாம். சிவப்பு மையில் எழுதிய இடங்களை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பேனா பென்சிலை எடுத்து வைத்துவிட்டுப் படுக்கலாம்.

கேள்வி: மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் பேத்தி சாயங்காலம் என் பொறுப்பில் இருக்கிறாள். நான் அதிகம் படிக்காதவன். அவள் புத்தகத்தில் இருப்பது எனக்குப் பாதி புரிவதில்லை. என்னால் அவளுக்கு என்ன உதவி செய்ய முடியும்?

பதில்: ஐயா, இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் இரண்டு தடவை படித்தது உங்களுடையதைத்தான். உங்களுக்குப் பாடம் தெரியாது என்பதே உங்கள் பேத்திக்குக் கிடைத்த பெரிய வசதி. என்னிடம் ஒரு பிள்ளை பாடம் சொன்னால் பாதி வாக்கியத்திலேயே நான் புரிந்துகொள்வேன், மீதியை நானே முடித்தும் விடுவேன். அந்தக் கெட்ட பழக்கம் பல ஆசிரியர்களுக்கு உண்டு. உங்களிடம் அப்படி முடியாது, அவள் முழுக்கச் சொல்லியாக வேண்டும்.

தினமும் ஒரு பாடம், ஒரு கால் மணி நேரம். புத்தகம் உங்கள் மடியில் மூடி இருக்கட்டும். "இன்னிக்கு என்ன நடத்தினாங்க, தாத்தாவுக்குச் சொல்லு" என்று ஆரம்பியுங்கள். நடுவில் கேட்க மூன்று கேள்வி போதும்: "அப்படின்னா என்னம்மா?" "அது ஏன் அப்படி?" "அப்புறம்?" புரியாத இடத்தில் புரிந்ததுபோலத் தலையாட்டாதீர்கள். அவளுக்கே சரியாகத் தெரியாத இடத்தில் பேச்சு தடுமாறும், கண் மேலே போகும், 'அது வந்து' என்று இழுப்பாள். அப்போது திட்டவோ அவசரப்படுத்தவோ வேண்டாம், கொஞ்சம் காத்திருங்கள். வரவில்லை என்றால் புத்தகத்தைக் கொடுத்து அவளையே தேடி எடுக்கச் சொல்லி, அந்த இடத்தில் சின்னதாக ஒரு பென்சில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் அந்தப் புள்ளியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு மாதம் கழித்து அந்தப் புள்ளிகளில் எத்தனையை அவள் அழித்திருக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.