'சில்மிஷம்' எந்தக் குடும்பத்துச் சொல்?

கேள்வி: குறும்பு, சேட்டை, குசும்பு, நக்கல், சில்மிஷம்... எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள்தானே? போன இதழில் ஒரு கைதுச் செய்தியில் 'சில்மிஷம்' என்று வந்துவிட்டதாம், அதற்கு ஒரு வருத்தக் குறிப்பு போட்டிருந்தீர்கள். ஒரு சொல்லுக்கு இத்தனை அலட்டல் தேவையா?
– வாசகர், ஈரோடு

பதில்: தேவைதான். ஒரே குடும்பம் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

நீங்கள் ஈரோட்டுக்காரர், குசும்பு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வயதுக் குழந்தை அரிசி டப்பாவைக் கவிழ்த்துவிட்டு அதன் நடுவில் உட்கார்ந்து கையால் அளைகிறது, அது சேட்டை. வடமொழியில் சேஷ்டை என்றால் உடம்பின் அசைவு, செயல். கை கால் சும்மா இருக்காத பிள்ளையைத்தான் இன்றும் சேட்டை பிடித்தது என்கிறோம். அதே பிள்ளைக்கு ஏழு வயது ஆகிறது, வீட்டுக்கு வந்து மூன்று நாளாக நகராத மாமாவிடம் போய் முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு, "மாமா, உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறது. இது குசும்பு. கேட்டவன் சிரிக்கக் கூடாது, கேட்கப்பட்டவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்குச் சேட்டை வரும், குசும்பு வராது, அதற்கு விவரம் தெரிய வேண்டும். இரண்டையும் எந்தக் கொங்கு வீட்டுப் பாட்டியும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

சரி, நக்கலுக்கு வருவோம். டீக்கடையில் வாக்குவாதம் முற்றும்போது "என்ன, நக்கலா?" என்று ஒருவர் எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் "என்ன, குறும்பா?" என்று யாரும் சட்டையைப் பிடிப்பதில்லை. காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'குழந்தை குறும்பு செய்தது' என்றால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும், 'அவனைக் குறும்பு செய்தது' என்று தமிழில் சொல்லவே முடியாது. கேலி, கிண்டல், நக்கல், இப்போதைய பிள்ளைகள் சொல்கிற கலாய்ப்பது, ஓட்டுவது எல்லாம் அப்படியில்லை: அவனைக் கேலி செய்தார்கள், அவளைக் கலாய்த்தார்கள், என்னை ஓட்டினார்கள். அந்த 'ஐ' வந்து உட்கார்ந்துவிட்டது என்றால் எதிரில் ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு இது சிரிப்பாக இருந்ததா என்று கேட்டே ஆக வேண்டும். தொல்காப்பியம் சிரிப்பு பிறக்கிற இடங்கள் நான்கு என்று சொல்லும்போது எள்ளலும் இளமையும், அதாவது கேலியும் பிள்ளைத்தனமும், தனித்தனியாகத்தான் நிற்கின்றன. வள்ளுவரும் "நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி" என்கிறார், விளையாட்டுக்குச் சொன்னாலும் இகழ்ச்சி நோகும் என்று.

சொற்கள் காலத்தில் இடம் மாறும், அதை நான் மறுக்கவில்லை. குறும்பு என்ற சொல்லையே எடுங்கள், 735ஆம் குறளில் "வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு" என்று வருகிறது. அரசனை அலைக்கழிக்கிற கொலைகாரக் கூட்டத்துக்கு அங்கே குறும்பு என்று பெயர். அந்தச் சொல்தான் இறங்கி இறங்கி இன்று கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுகிற சொல்லாகிவிட்டது, எனக்கு அதில் சந்தோஷம்தான். சில்மிஷம் போன பாதை நேர் எதிர். சில்லறை விஷமத்துக்குச் சொன்ன சொல்லைக் கொண்டுபோய்ப் 'பேருந்தில் பெண்ணிடம் சில்மிஷம், ஒருவர் கைது' என்று தலைப்பில் வைத்துவிட்டோம். என்ன நடந்தது அங்கே? கூட்ட நெரிசலில் ஒருவன் ஒரு பெண்ணின் உடம்பில் கை வைத்திருக்கிறான், அவள் கூச்சல் போட்டிருக்கிறாள், காவல் நிலையம் வரை போய்ப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் அதைப் படிக்கிறவர் காதில் விழுவதோ பிள்ளை விளையாட்டுக்கான சொல்.

கலித்தொகையில் 51ஆம் பாட்டை நீங்கள் பள்ளியில் படித்திருக்கலாம். தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்து, பூமாலையை அறுத்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பையனை ஒரு பெண் 'சிறுபட்டி', அதாவது அடங்காத சின்னப் பயல், என்கிறாள். பிறகு வளர்ந்து வந்து தண்ணீர் கேட்டுக் கையையும் பிடிக்கிறான், அவள் அலறுகிறாள், அம்மா ஓடி வருகிறாள், அவளோ தண்ணீர் விக்கிக்கொண்டது என்று சொல்லி அவனைக் காப்பாற்றிவிடுகிறாள். "அந்தக் காலத்திலேயே இருந்ததுதானே" என்று இந்தப் பாட்டைக் காட்டி எனக்கு எழுதியவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றைப் பார்க்கவில்லை, சிறுபட்டி, கள்வன் மகன் என்று அந்தப் பாட்டில் பெயர் வைப்பவள் அவள்தான். தோழியிடம் சிரித்துக்கொண்டு சொல்பவளும் அவள்தான். நம் செய்தியில் சில்மிஷம் என்று பெயர் வைத்தது யார்? புகார் கொடுத்த பெண்ணா? மேசையில் உட்கார்ந்திருந்த நாங்கள்.

சட்டம் இதில் நமக்கு முன்னால் போய்விட்டது. தமிழ்நாட்டில் 1997இல் வந்த ராகிங் தடைச் சட்டம், கேலி செய்வதையும் விளையாட்டு என்ற பெயரில் ஒரு மாணவரைப் படுத்துவதையும் ராகிங் என்றே வரையறுத்தது. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது, அந்தப் பெயரே சீண்டல் மாதிரி ஒலிக்கிறது என்பதுபோல 2002இல் அதைப் பெண்களைத் துன்புறுத்துதல் என்று மாற்றிவிட்டார்கள். இலங்கைத் தமிழர்கள் ராகிங்குக்குப் பகிடிவதை என்கிறார்கள். பகிடி என்றால் அங்கே அன்றாடப் பேச்சில் வேடிக்கை, ஜோக். அதன் பக்கத்தில் வதை என்று ஒட்டியதும் நடப்பது என்னவென்று ஒரே சொல்லில் தெரிந்துவிடுகிறது, எனக்கு மிகவும் பிடித்த சொல்லாக்கம் அது.

அதனால் இந்த இதழில் இனி சில்மிஷம் என்று எழுத மாட்டோம், அத்துமீறல், பாலியல் சீண்டல் என்றும் எழுத மாட்டோம், பாலியல் துன்புறுத்தல் என்றே எழுதுவோம். அப்புறம், உங்கள் ஊர்க் குசும்புக் கதைகள் இருந்தால் அனுப்புங்கள், அதற்கு ஒரு பக்கம் ஒதுக்க நான் தயார்.