ஃபோர்டின் எட்செல்: கேள்வி பதில்

ஃபோர்டு நிறுவனத்தின் இந்த காருக்கு எட்செல் என்று பேர் வந்தது எப்படி சார்?

ஹென்றி ஃபோர்டின் ஒரே மகன் பெயர் எட்செல். 1943-இல் காலமானார். புது காருக்காக ஆயிரக்கணக்கில் பெயர்களைத் திரட்டினார்கள். கவிஞர் மரியான் மூரிடம்கூட யோசனை கேட்டார்கள். அவர் சொன்ன பெயர்களில் ஒன்று ‘யுட்டோப்பியன் டர்டில்டாப்’! கடைசியில் எதுவும் பிடிக்காமல் மகன் பெயரே நின்றது. குடும்பத்தினருக்கு அதில் பெரிய இஷ்டமில்லை.

முன்பக்க கிரில் அசிங்கமாக இருந்ததால்தான் விற்கவில்லை என்கிறார்களே?

நடுவில் செங்குத்தாக நிற்கும் அந்த கிரிலைப் பலர் கேலி செய்தது உண்மை. ஆனால் பழியை எல்லாம் அதன்மேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். விலையைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸிடம் நடுத்தர விலையில் போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் என்று மூன்று இருந்தன. ஃபோர்டிடம் மெர்குரி மட்டும்தான். ஃபோர்டு வைத்திருந்தவர் கொஞ்சம் வசதி வந்ததும் எதிரிக் கடைக்குப் போய்விடுவார். அதைத் தடுக்கத்தான் எட்செல். ஆனால் எட்செலின் ரேஞ்சர், பேசர் மாடல்களின் விலை உயர்ரக ஃபோர்டு கார்களோடு முட்டியது. அதன் கோர்செர், சைட்டேஷன் மாடல்கள் மெர்குரியோடு முட்டின. சொந்த வீட்டிலேயே அதற்கு இடமில்லை.

காலமும் கெட்டது. 1957 செப்டம்பர் 4 அன்று விற்பனைக்கு வந்தது. அப்போது மற்ற டீலர்கள் 1957 மாடல்களைத் தள்ளுபடியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எட்செலோ 1958 மாடல் விலையில் நின்றது. அப்புறம் பொருளாதார மந்தம் வேறு. நடுத்தர விலைக் கார்கள்தான் அதிகம் அடிவாங்கின.

ஸ்டியரிங்கில் கியர் பட்டன் இருந்ததாமே அண்ணா?

ஆமாம், டெலிடச். ஹார்ன் இருக்கவேண்டிய நடுப்பகுதியில் பட்டன்கள். அழுத்தினால் ஒரு மின்மோட்டார் கியரை மாற்றும். அழகான யோசனை, ஆனால் அடிக்கடி பழுதானது, ஹார்ன் என்று நினைத்து அதை அழுத்தியவர்களும் உண்டு. 1959 மாடலில் எடுத்துவிட்டார்கள்.

தரம் எப்படி?

எட்செலுக்கெனத் தனித் தொழிற்சாலை கிடையாது. ஃபோர்டு, மெர்குரி கார்கள் ஓடும் அதே லைனில் நடுநடுவே இதையும் பூட்டினார்கள். தொழிலாளி ஒவ்வொரு முறையும் வேறு பாகம் தேடவேண்டும். சரியாகப் பூட்டாத கார்கள் டீலரிடம் போய்ச் சேர்ந்தன. இது நிர்வாகத்தின் தவறு, தொழிலாளியுடையது இல்லை.

எத்தனை கார் போனது?

முதல் ஆண்டில் 2,00,000 எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவில் 1958 மாடல் சுமார் 63,000, அடுத்தது சுமார் 45,000. 1960 மாடல் 3,000-ஐக்கூடத் தொடவில்லை. 1959 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

வடிவமைத்தவர் என்ன ஆனார்?

ராய் பிரவுன். இங்கிலாந்து ஃபோர்டுக்குப் போனார். அங்கே 1962-இல் வந்த கோர்ட்டினா கார் அவர் வடிவமைத்ததுதான். அது லட்சக்கணக்கில் விற்றது.