நனவுள்ள இயந்திரத்தைக் கட்ட முடியுமா? செங்கோட்டை வாசகர்களுக்குப் பதில்கள்

புளியரை ஆசிரியை: ஐயா, உணர்வுள்ள இயந்திரத்துக்குப் பொறியாளர்களிடம் வரைபடம் ஏதும் உண்டா?

பல உண்டு. 'உணர்வு' என்பதைவிட 'நனவு' என்ற சொல்லே இங்கே பொருந்தும். வெப்பத்தை உணரும் கருவி முன்பே இருக்கிறது, அந்தச் சூடு எப்படியிருக்கிறது என்று அனுபவிப்பதே நனவு. அதிகம் முயன்று பார்க்கப்பட்ட வழிகளுள் ஒன்று, உளவியல் அறிஞர் பெர்னார்டு பார்ஸ் 1988-இல் முன்வைத்த பொதுப் பணிமேடைக் கோட்பாடு. நம் பேருந்து நிலையத்தில் நடத்துநரும் பூக்காரரும் பயணிகளும் தத்தம் வேலையில் மூழ்கியிருக்க, ஒலிபெருக்கியில் 'கொல்லம் வண்டி புறப்படுகிறது' என்றதும், ஒருவர் பையைத் தூக்குகிறார், மற்றொருவர் பாதிக் குவளைத் தேநீரை வைத்துவிட்டு ஓடுகிறார். மூளையில் தனித்தனியே இயங்கும் பகுதிகளுக்கு இடையே நடக்கும் போட்டியில் வென்ற செய்தி, இப்படி எல்லாப் பகுதிகளுக்கும் ஒருசேரப் போய்ச் சேரும்போதுதான் நனவுக்கு வருகிறது என்பது பார்ஸின் வாதம். இதைப் பின்பற்றி மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டான் ஃபிராங்க்ளின் குழுவினர் 'ஐடா' என்ற மென்பொருளை, அமெரிக்கக் கடற்படை மாலுமிகளுக்கு அடுத்த பணியிடம் ஒதுக்குவதற்காக உருவாக்கினார்கள். நனவு செய்யும் வேலையை அது செய்தது என்பேன். அதற்கு அனுபவம் இருந்தது என்று சொல்லத் துணியமாட்டேன்.

தென்காசி மாணவர்: அண்ணாச்சி, அந்த அமைப்பை அப்படியே கணினியில் எழுதிவிட்டால் போதாதா?

போதாது என்கிறார் மூளை ஆய்வாளர் ஜூலியோ டோனோனி. 2004-இல் அவர் வெளியிட்டுப் பின்னர் விரிவாக்கிய ஒருங்கிணைந்த தகவல் கோட்பாட்டின்படி, நனவைத் தீர்மானிப்பது நிரல் அன்று. உறுப்புகள் ஒன்றையொன்று திரும்பத் திரும்பப் பாதிக்கும் பருப்பொருள் அமைப்பே. குற்றாலத்து அருவி நீரைப்போல ஒரே திசையில் மட்டும் தகவல் ஓடும் அமைப்பில், அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டாலும், நனவை அளக்க அவர் வைத்த 'ஃபை' என்னும் அளவு பூஜ்யம்தான். அப்படியானால் மாற்ற வேண்டியது மென்பொருளை அல்ல, அது ஓடும் கணினிச் சில்லையே.

தென்மலை வாசகர்: உடம்பு வேண்டாமா?

வேண்டும் என்பதே என் சாய்வு. 2006-இல் பொங்கார்டு, சைக்கோவ், லிப்சன் ஆகிய ஆய்வாளர்கள் நான்கு கால் ரோபோ ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அது தன் கால்களை அசைத்து, உடல் சாய்வதை அளந்து, தன் உருவத்தைத் தானே ஊகித்துக்கொண்டது. ஒரு காலின் பகுதியை நீக்கியபோது, அந்த ஊகத்தைத் திருத்தி வேறு நடையைக் கண்டுபிடித்தது. தன்னைப் பற்றிய வரைபடம் அதனிடம் இருந்தது. ஆனால் கால் போனதற்கு அது வருந்தியதற்குச் சான்று ஏதுமில்லை.

ஆரியங்காவு வாசகி: 'எனக்கு வலிக்கிறது' என்று கணினி எழுதினால் நம்பலாமா?

அந்தச் சொற்களை மட்டும் வைத்து நம்ப வேண்டாம், அம்மா. வலியைப் பற்றி மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்தே அது எழுதப் பழகியிருக்கிறது. உள்ளே அந்தச் சொல்லைப் பிறப்பித்தது எது என்று திறந்து பார்த்த பிறகே வாதத்தைத் தொடங்க முடியும்.