கிராக்கோவ் சுற்றிப் பார்க்க: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

போலந்தின் பழைய தலைநகரான கிராக்கோவில் குடியிருக்கிறேன். தெரிந்தவர்கள் யார் வந்தாலும் ஊரைச் சுற்றிக் காட்டுவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. எங்கே போகலாம், எதை விடலாம் என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நுழைவுக் கட்டணங்கள் அடிக்கடி மாறும் என்பதால் தொகை சொல்லவில்லை, அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, வேலை விஷயமாக வார்சா வருகிறேன். கிராக்கோவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். காலையில் ஆஷ்விட்ஸ், மதியம் உப்புச் சுரங்கம், மாலையில் ஊர் என்று ஒரு பயண ஏற்பாட்டாளர் சொல்கிறார். போகலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நாஜிகளின் மரண முகாம் இருந்த ஆஷ்விட்ஸ் கிராக்கோவிலிருந்து கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது, வியெலிச்கா உப்புச் சுரங்கம் ஊருக்குத் தென்கிழக்கே. இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் பாதி நாள் வேனிலேயே போய்விடும், ஊரை இருட்டில்தான் பார்ப்பீர்கள். நேரக் கணக்கை விடுங்கள், 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட இடத்தில் நின்றுவிட்டு இரண்டு மணி நேரத்தில் உப்புச் சிற்பங்களோடு செல்ஃபி எடுக்கும்படி ஒரு நாளை அமைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு நாள்தான் என்றால் ஊரை மட்டும் பாருங்கள். வார்சாவிலிருந்து வேக ரயிலில் இரண்டரை மணி நேரம், காலை முதல் வண்டியைப் பிடித்தால் கோட்டை இருக்கும் வாவெல் குன்று, பெரிய சதுக்கம், பழைய யூதப் பகுதியான காஸிமியெஷ் மூன்றையும் நடந்தே முடித்துவிடலாம். ஆஷ்விட்ஸுக்கு இன்னொரு முறை தனியாக ஒரு நாள் வைத்துக்கொண்டு வாருங்கள். அன்று மாலைக்கு வேறு எந்தத் திட்டமும் வேண்டாம்.

கேள்வி: பெரிய சதுக்கத்தில் எதிலிருந்து ஆரம்பிப்பது? எல்லாமே அழகாக இருக்கிறது, ஆனால் எதைப் பார்க்கிறோம் என்றே புரியவில்லை.

பதில்: ரீனெக் என்கிற அந்தச் சதுக்கம் பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர். 1241இல் மங்கோலியப் படை ஊரை எரித்துப்போட்ட பிறகு 1257இல் புதிதாக அளந்து போட்ட திட்டம்தான் இன்றைக்கும் இருக்கிறது. தெருக்கள் சதுக்கத்திலிருந்து நேர்கோடாகப் பிரிந்து போவதைப் பாருங்கள், கிரோட்ஸ்கா தெருவும் மரியாள் தேவாலயமும் மட்டும் சாய்வாக நிற்கும். அவை அந்தத் திட்டத்துக்கும் முந்தைய வழித்தடத்தின் மிச்சம்.

நடுவில் நீளமாக இருப்பது சுக்கியன்னிட்சே, பழைய துணிச் சந்தை. கீழே இப்போது நினைவுப்பொருள் கடைகள்தான், சீக்கிரம் கடந்துவிடலாம். மாடியில் 19ஆம் நூற்றாண்டு போலிஷ் ஓவியங்களுக்கான காட்சிக்கூடம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லாத காலத்தில் அந்த ஓவியர்கள் தங்கள் வரலாற்றைச் சுவரளவு துணியில் வரைந்து வைத்தார்கள். அவசியம் ஏறிப் பாருங்கள். சதுக்கத்துக்கு அடியிலும் ஒரு அருங்காட்சியகம் உண்டு, 2010இல் திறந்தது. தோண்டியபோது கிடைத்த இடைக்காலப் பாதைகளும் கடை அடித்தளங்களும் கிடைத்த இடத்திலேயே இருக்கின்றன.

ஆனால் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் மரியாள் தேவாலயத்தின் பலிபீடம். வைட் ஸ்டாஸ் என்ற சிற்பி நியூரம்பர்க்கிலிருந்து வந்து 1477 முதல் 1489 வரை செதுக்கியது. உருவங்கள் எல்லாம் லிண்டன் மரம், பெரியவை ஆளைவிட உயரம். அப்போஸ்தலர்களின் கைகளைக் கவனியுங்கள், நரம்பு, மூட்டு, வயதானவர் தோலின் சுருக்கம் வரை இருக்கும். பலிபீடத்துக்குக் கதவுபோல மடிப்புகள் உண்டு, வார நாட்களில் 11.50 மணி அளவில் திறப்பார்கள். பத்து நிமிடம் முன்பே உள்ளே போய் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, திறக்கும்போதும் இருங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வாசல் பக்கவாட்டில், முன்வாசல் ஜெபிக்க வருகிறவர்களுக்கு. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர்கள் இந்தப் பலிபீடத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நியூரம்பர்க் கோட்டையின் நிலவறையில் கண்டெடுத்து 1946இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கேள்வி: அந்த மரியாள் தேவாலயக் கோபுரத்தில் எக்காளம் ஊதுகிறவர் பாதியில் நிறுத்துவது, மங்கோலியர் அம்பு தொண்டையில் பாய்ந்ததால் என்கிறார்களே, உண்மையா?

பதில்: கதைதான். இன்று நிற்கும் கோபுரமே அந்தப் படையெடுப்புக்குப் பிறகு கட்டியது. ஆனால் ஊதுவது நிஜம், மணிக்கு ஒருமுறை, இரவு பகலாக, நான்கு திசைக்கும் நான்கு முறை. ஊதுகிறவர்கள் தீயணைப்புப் படை வீரர்கள். முடிந்ததும் கீழே நின்று கையசைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பதிலுக்குக் கையசைப்பார்கள்.

கேள்வி: வாவெல் கோட்டைக்கு இணையத்தில் டிக்கெட் எடுக்கப் போனால் ஏழெட்டு வகை இருக்கிறது. தலை சுற்றுகிறது. எதை எடுப்பது?

பதில்: வாவெலில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு கண்காட்சிக்கும் தனி டிக்கெட், பலவற்றுக்கு நுழைவு நேரமும் குறித்திருக்கும். பேராலயம் கோட்டை நிர்வாகத்தில் சேராது, அதற்கு வேறு கவுன்டர். குன்றின் மேலே ஏறுவதும் வளைவுத் தூண்கள் சுற்றிய முற்றத்தில் நிற்பதும் இலவசம்.

என்னைக் கேட்டால் இரண்டு போதும். ஒன்று, அரசு அறைகள். அங்கே இருக்கும் திரைச்சீலைகளுக்காக. 16ஆம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் சிகிஸ்முந்த் அகுஸ்த் பிரஸ்ஸல்ஸில் நெய்வித்தவை, நோவாவின் பேழையும் பாபேல் கோபுரமும் பட்டிலும் பொன்னிழையிலும் சுவர் முழுக்க விரிந்திருக்கும். 1939இல் போர் தொடங்கியதும் இவற்றைச் சுருட்டிப் படகில் ஏற்றி, நாடு நாடாகக் கடத்திக் கனடா வரை கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். திரும்பி வந்தது 1961இல்தான். கோட்டையில் அந்தப் போர்க்காலத்தில் உட்கார்ந்திருந்தது ஹிட்லரின் ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க்.

இரண்டாவது, பேராலயம். போலிஷ் மன்னர்கள் முடிசூடியதும் அடங்கியிருப்பதும் இங்கே. பொன் கவிகை உள்ள சிகிஸ்முந்த் சிற்றாலயத்தை பெரெச்சி என்ற இத்தாலியச் சிற்பி 1533இல் முடித்தார், அதன் உள்ளே தலையை நிமிர்த்திக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அதே டிக்கெட்டில் கோபுரம் ஏறி 1520இல் வார்த்த பெரிய மணியையும் பார்க்கலாம். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், மதியத்துக்கு மேல் போங்கள்.

கேள்வி: லியோனார்டோ டாவின்சியின் ஓவியம் வாவெலில்தானே இருக்கிறது?

பதில்: முன்பு கொஞ்ச காலம் இருந்தது. இப்போது சார்தோரிஸ்கி அருங்காட்சியகத்தில், ஃபுளோரியன் வாசலுக்குப் பக்கத்தில். 2019 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்தார்கள். கீரி போன்ற வெள்ளைப் பிராணியை ஏந்திய இளம்பெண், மிலானின் செசிலியா கல்லெரானி. பெண்களை லியோனார்டோ வரைந்த உருவப்படங்களில் மிஞ்சியிருப்பவை நான்கே, அதில் இது ஒன்று. பாரிஸில் மோனாலிசாவைத் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துத் திரும்பியவர்களுக்கு இங்கே பெரிய ஆறுதல், காலை முதல் ஆளாகப் போனால் படத்தின் முன்னால் நிதானமாக நிற்கலாம். அவள் விரல்களையும் அந்தப் பிராணியின் தோளையும் சேர்த்துப் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

கேள்வி: ஆறு, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு வருகிறோம். தேவாலயம், ஓவியம் என்றால் அழுதுவிடுவார்கள்.

பதில்: பழங்கதையில் வரும் வாவெல் டிராகன் இருக்கக் கவலை எதற்கு! குன்றின் மேலிருந்து சுழற்படி வழியாக டிராகன் குகைக்குள் இறங்கி ஆற்றங்கரையில் வெளியே வரலாம் (குளிர்காலத்தில் மூடியிருக்கும்). வெளியே வந்ததும் உலோக டிராகன், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிஜமாகவே நெருப்பு கக்கும். பேராலய வாசலில் சங்கிலியில் தொங்கும் பெரிய எலும்புகளையும் காட்டுங்கள். மூத்தவனுக்கு விமானம் பிடிக்கும் என்றால் பழைய ஓடுதளத்தில் இருக்கும் விமான அருங்காட்சியகத்துக்கு அரை நாள் கொடுக்கலாம்.

கேள்வி: நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ காஸிமியெஷ் பகுதியில்தானே? அங்கேயே ஷின்ட்லர் தொழிற்சாலையும் பார்த்துவிடலாமா?

பதில்: இதை நிறையப் பேர் மாற்றித்தான் நினைத்திருக்கிறார்கள். காஸிமியெஷ் யூதர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்த பகுதி. 1941 மார்ச்சில் அவர்களை அங்கிருந்து கிளப்பி, விஸ்துலா ஆற்றுக்கு அந்தக் கரையில் பொட்குஜெ என்ற இடத்தில் சுவர் எழுப்பி அடைத்தார்கள். கெட்டோ அதுதான். தன் யூதத் தொழிலாளர்களைக் காப்பாற்றிய ஜெர்மானியத் தொழிலதிபர் ஷின்ட்லரைப் பற்றிய ‘ஷின்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்தின் கெட்டோ காட்சிகள் பலவற்றைக் காஸிமியெஷில் எடுத்ததால் இந்தக் குழப்பம்.

அதனால் இரண்டையும் ஒரே நடையாக, வரிசை மாறாமல் பாருங்கள். முதலில் காஸிமியெஷில் ஷெரோக்கா தெரு. ரெமு தொழுகைக்கூடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது, பின்னால் 16ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம். அங்கே உடைந்த கல்லறைக் கற்களைச் சேர்த்துப் பதித்த சுவர் ஒன்று இருக்கிறது, அதன் முன்னால் சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள். போருக்கு முன் இந்த ஊரில் நான்கில் ஒருவர் யூதர், 60 ஆயிரத்துக்கும் மேல்.

அப்புறம் பெர்னட்கா நடைபாலத்தில் ஆற்றைக் கடந்து பொட்குஜெ. கெட்டோ வீரர்கள் சதுக்கத்தில் வெறும் நாற்காலிகள், உலோகத்தில், சதுக்கம் முழுக்க வரிசையாக. மரண முகாம்களுக்கு மக்களை ரயிலேற்ற இங்கேதான் கூட்டினார்கள், அவர்கள் போன பிறகு வீட்டுச் சாமான்கள் இங்கே சிதறிக் கிடந்தன. தயவுசெய்து அதில் உட்கார்ந்து போஸ் கொடுக்காதீர்கள். சதுக்கத்தின் மூலையில் கழுகு மருந்துக்கடை, யூதரல்லாத ததேயுஷ் பான்கியெவிச் கெட்டோவுக்குள்ளேயே தங்கி அதை நடத்தினார், மருந்தும் உணவும் கொடுத்தார், ஆட்களை ஒளித்து வைத்தார். சின்ன அருங்காட்சியகம், கூட்டம் இருக்காது, ஷின்ட்லர் இடத்தைவிட என்னை அதிகம் பாதித்தது இதுதான். லுவோவ்ஸ்கா தெருவில் கெட்டோ சுவரின் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது, மேல் விளிம்பு யூதக் கல்லறைக் கல்லின் வடிவத்தில். உள்ளே இருந்தவர்களுக்குத் தினமும் அதுதான் கண்ணில் படும்.

ஷின்ட்லர் தொழிற்சாலை அங்கிருந்து நடக்கிற தூரம். உள்ளே ஷின்ட்லரைப் பற்றி இருப்பது கொஞ்சம்தான், 1939 முதல் 1945 வரை இந்த ஊர் எப்படி இருந்தது என்பதே முழுக் கண்காட்சி. டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு வலி. உப்புச் சுரங்கம் அழைத்துப்போகலாமாம்மா? நிறையப் படி என்றார்கள்.

பதில்: சாதாரணப் பாதையில் மொத்தம் சுமார் 800 படி ஐயா, அதில் ஆரம்பத்திலேயே கிட்டத்தட்ட 380 படி தொடர்ந்து இறக்கம். திரும்பி மேலே வருவது லிஃப்டில். நடை மூன்றரை கிலோமீட்டர், வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், பாதியில் திரும்புவதும் சிரமம். மூட்டு வலிக்கு இந்தப் பாதை வேண்டாம். நடக்க இயலாதவர்களுக்கு லிஃப்டிலேயே இறக்கிக் காட்டும் ஏற்பாடு உண்டு, முன்பே எழுதிக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். முடிந்தால் அம்மாவுக்குக் காட்டத்தான் வேண்டும், ஏனென்றால் 101 மீட்டர் ஆழத்தில் இருக்கும் கிங்கா சிற்றாலயத்தில் தரை, சுவர்ச் சிற்பம், சரவிளக்கின் மணிகள் எல்லாமே உப்பு, செதுக்கியவர்களும் சுரங்கத் தொழிலாளர்களே. உள்ளே கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கிராக்கோவிலிருந்து உள்ளூர் ரயிலே போகிறது, டாக்சி வேண்டாம்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர்கள், வீட்டில் தினமும் இறை இரக்க ஜெபமாலை சொல்கிறோம். புனித ஃபாஸ்டினாவின் கல்லறை கிராக்கோவில்தானா?

பதில்: ஆமாம், வாகியெவ்னிக்கி என்ற பகுதியில், டிராமிலேயே போகலாம். இறை இரக்க பக்தியைப் பரப்பிய கன்னியாஸ்திரி ஃபாஸ்டினா 1938இல் இறந்த மடத்தின் சிற்றாலயத்தில் அவருடைய திருப்பண்டங்கள் இருக்கின்றன, மேலே நம் வீடுகளில் எல்லாம் மாட்டியிருக்கும் அந்த இயேசு படம், அடால்ஃப் ஹீவா வரைந்தது. ஃபாஸ்டினா உயிரோடு இருந்தபோது 1934இல் வரைந்த முதல் படம் லிதுவேனியாவின் வில்னியுஸில் இருக்கிறது. பக்கத்தில் உள்ள பெரிய நவீன பசிலிக்காவை 2002இல் இரண்டாம் ஜான் பால் அர்ச்சித்தார். பிற்பகல் 3 மணி இரக்க வேளைக்கு அங்கே இருக்கும்படி போங்கள், ஆனால் கூட்டத்தில் கலந்து ஜெபிக்கச் சிற்றாலயமே நல்லது.

கேள்வி: சுத்த சைவம். பட்டினியா?

பதில்: இல்லவே இல்லை. ‘பார் மிலெச்னி’ என்று பலகை போட்ட எளிய உணவகங்களில் பியரோகி (நம்ம கொழுக்கட்டை மாதிரி) கேளுங்கள், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த வகை ‘ருஸ்கியே’. மேலே பன்றிக் கொழுப்புப் பொரியல் தூவிவிடுவார்கள், ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சூப்புகளில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு, விட்டுவிடலாம். தெருமுனை நீல வண்டிகளில் விற்கும் ஒப்வஜானெக் வளைய ரொட்டியைக் காலையிலேயே வாங்குங்கள், மாலையில் விறைத்துவிடும். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

கேள்வி: யூரோ செல்லுமா? டிசம்பரில் வரலாமா?

பதில்: போலந்து நாணயமான ஸ்லாட்டி மட்டும்தான், ஆனால் கார்டு கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் எடுப்பார்கள். இயந்திரம் ரூபாயில் கழிக்கவா என்று கேட்டால் மறுத்து ஸ்லாட்டியையே தேர்ந்தெடுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்குள் இருட்டிவிடும், இருந்தாலும் முதல் வியாழக்கிழமை நடக்கும் ஷொப்கா போட்டிக்காகவே வரலாம். ஊர்க்காரர்கள் பளபளக்கும் தாள்களில் இந்நகரக் கட்டடங்களின் சாயலில் கிறிஸ்து பிறப்புக் குடில் செய்து சதுக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள், 1937இல் தொடங்கிய வழக்கம்.

கேள்வி: ஆஷ்விட்ஸ் பதிவு எப்படி?

பதில்: நினைவகத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும். நுழைவு இலவசம், வழிகாட்டிக்குத்தான் கட்டணம், வழிகாட்டியோடு போவதே நல்லது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே கொடுங்கள், வாசலில் சரிபார்ப்பார்கள். பெரிய பைக்கு அனுமதி இல்லை. முதல் முகாமிலிருந்து இரண்டாவது முகாமான பிர்கெனவ் சுமார் 3 கிலோமீட்டர், இலவசப் பேருந்து உண்டு, களைப்பாக இருக்கிறது என்று பிர்கெனவை விட்டுவிடாதீர்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்று நினைவகமே சொல்கிறது.