துருப்பிடித்த இரும்பு தோசைக்கல்லை மீட்க முடியுமா?

வார்ப்பிரும்புக் கல் துருப்பிடித்து, தோசையும் ஒட்டுகிறது, தூக்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். விரிசல் இல்லை என்றால் கல் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

புளியைக் கரைத்துத் தடவி அரை மணி நேரம் விடுங்கள். புளியின் அமிலம் துருவை இளக்கும். அப்புறம் கம்பி நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிடுங்கள். ஈரம் நின்றால் மறுபடியும் துருதான்.

இனிதான் முக்கியமான வேலை. சூடான கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தடித்த துணியால் தேய்த்து, கல் காய்ந்ததுபோல் தெரியும்வரை துடைத்தெடுங்கள். பிறகு லேசாகப் புகையும்வரை சூடாக்குங்கள். அந்தச் சூட்டில் எண்ணெய் இறுகி, இரும்போடு ஒட்டிய கெட்டிப் படலமாகும். தோசை எழும்பி வருவது இதனால்தான். எண்ணெயை அதிகம் விட்டால் பிசுபிசுவென்று நிற்கும். பலர் கெடுப்பது இங்கேதான். ஆறவிட்டு மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் கல் கறுத்து மின்னும்.

முதல் சில நாள் புளிக்குழம்பு, தக்காளி எதையும் அதில் வதக்காதீர்கள், படலம் போய்விடும். சூடான கல்லில் பச்சைத் தண்ணீரையும் கொட்டாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.