தராசு வரைந்தால் நியாயம் தெரியுமா?

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இன்னும் இரண்டு ஆசிரியைகளோடு சேர்ந்து பிள்ளைகளுக்கு 16 பக்கத்தில் ஒரு படப் புத்தகம் செய்கிறோம். பொருள், நியாயம். இரண்டு முயல்கள் கரட்டுக்குச் சண்டை பிடிக்கின்றன, ஆந்தை வந்து தீர்ப்புச் சொல்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு தராசும் "எல்லோருக்கும் நியாயமாக நடப்போம்" என்ற வரியும். நாலைந்து வயதுப் பிள்ளைகளிடம் காட்டினோம். தராசைக் கண்டதும் ஒரு பிள்ளை "கொழுந்து நிறுக்கிறது" என்றது. இன்னொன்று "எத்தன கிலோ?" என்று கேட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இந்த வயதுக்குப் படமாகக் காட்ட முடியுமா? முயல்களை மாற்ற வேண்டுமா? அடுத்ததாக, அம்மா வெளிநாடு போன பிள்ளைகளுக்காகப் பிரிவைப் பற்றியும் ஒரு புத்தகம் செய்ய ஆசை. எங்களிடம் இருப்பது கறுப்பு வெள்ளை போட்டோக் கொப்பி மட்டும்.

முன்பள்ளி ஆசிரியை ஒருவர்

அன்புள்ள டீச்சர்,

முடியும். உங்கள் பிள்ளைகள் அந்தப் படத்தைச் சரியாகவே வாசித்திருக்கிறார்கள். தராசு நியாயத்தைக் குறிக்கும், புறா சமாதானத்தைக் குறிக்கும் என்பதெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டுப் பழகியவை. யாரும் சொல்லாமல் ஒரு பிள்ளைக்கு அவை தெரிய வழியில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குத் தராசு என்றால் அம்மா கூடையை இறக்கிவைக்கிற இடம். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று அங்கே கிலோ வெட்டுப்படுகிற பேச்சையும் அது வீட்டில் கேட்டிருக்கும். அந்தப் பிள்ளையிடமே தராசை நியாயத்தின் அடையாளமாக நீட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. எடுத்துவிடுங்கள்.

இப்படியான கருத்துகளை ஒரே படத்துக்குள் அடைக்கப் பார்த்தால் அடையாளச் சின்னத்தில்தான் போய் முடியும். இரண்டு படங்களை அடுத்தடுத்து வையுங்கள். எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒன்றே ஒன்று மாறட்டும். அந்த மாற்றத்தில் கருத்து பிடிபடும். செக் கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் வெளியிட்ட, பிள்ளைகளுக்கான படப் பாடநூலில் ஆன்மாவுக்கும் ஒரு படம் உண்டு. மனித உருவம்தான், ஆனால் வெறும் புள்ளிகளால் ஆனது. தெரிந்த உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் எடுத்துவிட்டார். நூற்றாண்டுகள் கடந்தும் வழி அதேதான்.

நியாயத்துக்கு லயத்துப் பீலியே போதும், தொழிலாளர் வரிசை வீடுகளில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற அந்தக் குழாயடி. ஆட்கள் வரிசையில் நிற்காவிட்டாலும் அவர்களுடைய பாத்திரங்கள் நிற்கும். இது உங்கள் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டாத விஷயம். ஒரு குடம், ஒரு மஞ்சள் கேன், ஒரு நீல வாளி, ஒரு சின்னச் சட்டி, இவ்வளவு போதும். நாலுக்கு மேல் போனால் இந்த வயதுப் பிள்ளை ஒரே பார்வையில் பிடிக்காது, எண்ணத் தொடங்கிவிடும். எண்ணத் தொடங்கினால் கதை நின்றுவிடும். பீலியைப் பக்கத்தின் வலது ஓரத்தில் வரையுங்கள். தமிழை இடமிருந்து வலமாக வாசிக்கிறோம், தாளையும் வலப்பக்கம் பிடித்துத்தான் புரட்டுகிறோம். வரிசையும் அந்தப் பக்கமாக நகர்ந்தால் முன்னேறுகிறது என்று சொல்லாமலே விளங்கும்.

16 பக்கத்தில் முதல் பக்கம் தலைப்புக்கு. 2–3 தொடங்கி 14–15 வரை ஏழு விரிபக்கங்கள், அதாவது புத்தகத்தைத் திறந்தால் ஒன்றாகத் தெரியும் இரண்டிரண்டு பக்கங்கள். முதலாவதில் நாலு பாத்திரமும் வரிசையில். இரண்டாவதில் குடம் பீலியடியில். மூன்றாவதில் குடம் போய்விட்டது, மஞ்சள் கேன் நிரம்புகிறது, அடுத்தது நீல வாளி. நாலாவதில் மஞ்சள் கேன் அப்படியே இருக்க, அதற்கும் நீல வாளிக்கும் நடுவில் ஒரு பெரிய சிவப்புக் கேன். வைத்த கையை வரைய வேண்டாம். ஒரு சொல்லும் எழுத வேண்டாம். இந்த இடத்தில் பிள்ளைகள் சத்தம் போட வேண்டும். போடாவிட்டால் முதல் மூன்று விரிபக்கங்களில் கோணமோ, சுவரோ, பாத்திரங்களின் இடைவெளியோ மாறியிருக்கும். அதைத்தான் திருத்த வேண்டும், வசனத்தைச் சேர்த்துச் சரிக்கட்டக் கூடாது.

ஐந்தாவதில் மஞ்சள் கேன் போகிறது. வாளிக்காரச் சிறுமி வந்து சிவப்புக் கேனுக்கு முன்னால் நிற்கிறாள். அவள் கண்ணில் தண்ணீர் வரைய வேண்டாம். அழுகிற முகத்தைக் கண்டதும் பிள்ளைகளுக்கு இரக்கம் வரும், வரிசை மறந்துபோகும். கால் இரண்டையும் ஊன்றி நிற்கட்டும், முதுகு தெரிந்தால் போதும். ஆறாவதில் சட்டிக்காரப் பையனும் அவளும் சேர்ந்து சிவப்புக் கேனை வரிசையின் கடைசிக்கு இழுக்கிறார்கள். ஆந்தையோ டீச்சரோ கங்காணியோ வந்து தீர்த்துவைத்தால், பெரியவர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதைத்தான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். ஏழாவதில் நீல வாளியில் தண்ணீர் விழுகிறது. 16ஆம் பக்கத்தில் சிவப்புக் கேனும் நிரம்புகிறது. அதற்கும் தண்ணீர் கிடைக்கிறது என்பது முக்கியம், அதை விட்டால் கதை தண்டனையைப் பற்றியதாகிவிடும். கீழே நீதி வாசகம் வேண்டாம். "எல்லோருக்கும் நியாயமாக நடப்போம்" என்று எழுதியதும், பிள்ளை தானாகக் கண்டுபிடித்ததை அதன் கையிலிருந்து பறித்துவிடுகிறோம்.

முயல்கள் பற்றிக் கேட்டீர்கள். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய ஒரே கதையை 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு மிருகப் பாத்திரங்களோடும் சிலருக்கு மனிதப் பாத்திரங்களோடும் வாசித்தார்கள். மனிதர் வந்த கதையைக் கேட்ட பிள்ளைகளே பிறகு தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். மிருகக் கதைகளை மூட்டைகட்ட வேண்டியதில்லை. பழக்கவழக்கம் ஒன்றைச் சொல்ல வரும்போது மட்டும் லயத்துப் பிள்ளைகளையே வரையுங்கள்.

நிறத்தில் ஒரு சிக்கல் வரும். கறுப்பு வெள்ளைப் பிரதியில் சிவப்பும் நீலமும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிடும், கேன் எது வாளி எது என்று தெரியாது. ஆகவே கேனைச் சதுரமாக, மூடியோடு வரையுங்கள். வாளியை வட்டமாக, கைபிடியோடு. பிரதி எடுத்த பிறகு அந்த இரண்டுக்கு மட்டும் கிரேயோனால் கையாலே நிறம் போடுங்கள். அந்த நீலத்தையே சிறுமியின் ரிப்பனுக்கும் தீட்டுங்கள். ஓவியரான மோலி பேங், படங்களின் அமைப்பைப் பற்றி 1991இல் எழுதிய நூலில், ஒரே வடிவத்தை விட ஒரே நிறம்தான் இரண்டு பொருட்களைப் பலமாக இணைத்துக் காட்டும் என்கிறார். வாளி யாருடையது என்று எழுதும் வேலை உங்களுக்கு மிச்சம். மெல்லிய பென்சில் நிழலைப் பிரதி இயந்திரம் விழுங்கிவிடும், கோடுகளைக் கறுப்புப் பேனாவால் போடுங்கள்.

பிரிவுக்கும் இதே முறைதான். இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், அம்மாவின் செருப்பு, பிள்ளையின் செருப்பு. இந்த இரண்டு சோடியையும் குறைந்தது மூன்று விரிபக்கங்களில், ஒரே இடத்தில், வெவ்வேறு வேலைகளுக்கு நடுவே பிள்ளை பார்த்திருக்க வேண்டும். பிறகுதான் ஒரு சோடி இல்லாத படம். ஒரு தடவை மட்டும் காட்டிவிட்டு எடுத்தால் இல்லாததை யாரும் கவனிக்க மாட்டார்கள். விமானம் வேண்டாம், பிள்ளைகளின் கண் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அம்மா எப்போது வருவார் என்பதற்குப் புத்தகத்தில் பதில் சொல்லாதீர்கள். உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. போனில் குரல் கேட்பதை வரையலாம், அது உண்மை.

எல்லாவற்றையும் வரைந்து முடிக்கும் முன், எழுத்தில்லாத மாதிரி ஒன்றைப் பென்சிலால் செய்து பிள்ளைகளிடம் கொடுங்கள். "இது நியாயமா?" என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். "இங்க என்ன நடக்குது?" என்று மட்டும் கேளுங்கள்.

வகுப்பில் தூக்கிக் காட்ட ஏ5 அளவு போதாது. ஏ3 தாள் நாலை மடித்தால் ஏ4 அளவில் 16 பக்கம் வரும். ஒரு தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களையும் கூட்டினால் 17 வர வேண்டும்: 16, 1, பின்முகத்தில் 2, 15, இப்படியே உள்ளே போனால் கடைசியில் 8, 9. ஆகவே 8–9 மட்டும்தான் முறியாத ஒரே தாள். நாலாவது விரிபக்கம், சிவப்புக் கேன் வருகிற படம், சரியாக அங்கேதான் விழுகிறது. மற்றவற்றில் நடுமடிப்பின் இரு பக்கமும் ஒரு சென்ரிமீற்றருக்குள் முகமோ பாத்திரமோ வைக்காதீர்கள். அட்டைக்கு பிரிஸ்டல் போட் போதும். நீளக்கை ஸ்டேப்ளர் இல்லையென்றால் மடிப்பில் மூன்று துளை போட்டு நூலால் தையுங்கள். உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளையால் உள்ளே, கீழ்த்துளையால் வெளியே, மறுபடி நடுத்துளையால் உள்ளே. உள்ளே நீளமாக ஓடும் நூலை நடுவில் பிடித்து முடிச்சுப் போடுங்கள்.